சொல்லியே தீர்த்துவிடாதீர்கள்: வடசென்னையின் கதைக்காரத் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் கொருக்குப்பேட்டையிலும் எண்ணூரிலும் மனசுக்குள் ஒரு படத்தை ஓட்டிக்கொண்டே வேலைக்குப் போய் வருகிற உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். நான் எழுத்தாளர் இல்லை. சினிமாக்காரியும் இல்லை. தண்டையார்பேட்டையில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், வாடகை ஒப்பந்தம், பட்டா கேட்டு மனு, இவற்றுக்கு நடுவே சினிமா ஸ்கிரிப்ட். என் கையால் டைப் அடித்த கதைகளில் ஒன்றிரண்டு திரைக்கு வந்திருக்கின்றன. மற்றவை எழுதியவரின் பையிலேயே கசங்கின, அல்லது பென் டிரைவோடு தொலைந்தன. கதை எப்படி எழுதுவது என்று சொல்லித்தர எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் எழுதி முடித்தவனுக்கு என்ன ஆகிறது, எழுதாமல் அலைகிறவனுக்கு என்ன ஆகிறது என்பதைக் கீபோர்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நிறையப் பார்த்துவிட்டேன்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நீங்கள் கதையைச் சொல்லியே தீர்த்துவிடுகிறீர்கள்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வாய்தான் முதல் சொத்து. சாவு வீட்டில் கானா பாடுகிறவரைக் கவனித்திருப்பீர்கள். செத்தவர் எந்த வேலை பார்த்தார், யாரிடம் கோபித்துக்கொண்டார், எதை ஆசையாகச் சாப்பிட்டார் என்று இரண்டு பேரிடம் விசாரித்துவிட்டு, விடிவதற்குள் ஒரு முழு வாழ்க்கையைப் பாட்டாகக் கட்டிவிடுவார். அந்தத் திறமை உங்களுக்கும் இருக்கிறது. கோடம்பாக்கமும் அதைத்தான் கேட்கிறது. "ஒன் லைன் சொல்லுங்க தம்பி" என்கிறார்கள், அதாவது கதைச் சுருக்கம். நீங்களும் வடபழனி டீக்கடையில் சொல்கிறீர்கள், நண்பன் ரூமில் சொல்கிறீர்கள், மேனேஜரிடம், மேனேஜருக்குத் தெரிந்தவரிடம், அவருடைய டிரைவரிடம் வரைக்கும் சொல்கிறீர்கள். சொல்லும்போது கண் பேசுகிறது, கை பேசுகிறது, பின்னணி இசையையும் வாயாலேயே போட்டுவிடுகிறீர்கள். கதையில் இருக்கிற ஓட்டை யாருக்கும் தெரிவதில்லை, முக்கியமாக உங்களுக்கே. கேட்டவர் "செம்மபா" என்றதும் படம் ரிலீஸான திருப்தி வந்துவிடுகிறது. அப்புறம் எழுத உட்கார்ந்தால் கை ஓடுமா?

என் கடைக்கு வரும் நோட்டுகளில் முதல் பாதி மணி மணியாக இருக்கும். இடைவேளைக் காட்சியைச் சிவப்பு மையில் பெட்டி போட்டு எழுதியிருப்பார்கள். அதற்கப்புறம் வெள்ளைத் தாள். "மீதி எங்கப்பா?" என்று கேட்டால் எல்லோரும் பேசி வைத்த மாதிரி ஒரே பதில்தான். "செகண்ட் ஹாஃப் டிஸ்கஷன்ல வந்துடும்க்கா." நாலு பேர் உட்கார்ந்து கதை பேசுகிற அந்த டிஸ்கஷனில் வருவது டீயும் பன்னும்தான். இரண்டாம் பாதி உங்கள் தலையிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

எழுதினால் என்ன நடக்கும் என்பதற்கு ஒன்று காட்டுகிறேன். ஏசி மெக்கானிக்கிடம் உதவியாளாக இருக்கிற ஒரு பையன் கொண்டுவந்த காட்சி இது. கான்ட்ராக்ட் வேலை போய்விட்ட அப்பா வீட்டுக்கு வருகிறார். பையன் எழுதியிருந்தது: "அப்பா மனம் உடைந்து, நடைப்பிணமாக வருகிறார். அவர் உள்ளத்தில் ஒரு எரிமலை." நான் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு, "கேமராவுக்கு எரிமலை தெரியாதே, அது என்னத்தைப் பார்க்கும்?" என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு தன் வீட்டில் நடந்ததைச் சொன்னான். வேலை போன விஷயத்தை அவன் அப்பா சில வாரம் வீட்டில் சொல்லவே இல்லையாம். காலையில் வழக்கம்போல டிபன் பாக்ஸோடு கிளம்புவார். எங்கேயோ உட்கார்ந்திருந்துவிட்டு சாயங்காலம் தெருமுனைக் குழாயடிக்கு வருவார். ஒரு நாள் சாப்பாடு இறங்காமல் சோற்றை நாய்க்குப் போட்டு, டிபன் பாக்ஸைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். அம்மா என்றைக்கும் கழுவாத பாக்ஸைத்தான் வாங்கிப் பழக்கம். அன்றைக்குக் கழுவின பாக்ஸைக் கையில் வாங்கியதும் அவருக்குப் புரிந்துவிட்டது. இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

"இதை எழுதுடா" என்றேன். "இதுல டயலாக்கே இல்லியேக்கா" என்றான். அதனால்தான் எழுதச் சொன்னேன். டீக்கடையில் அவன் கதை சொல்லும்போது இந்தக் காட்சி ஒருதடவைகூட வந்ததில்லை. வாயால் சொல்கிறவன் கைதட்டு வாங்குகிற இடத்துக்கே தாவித் தாவிப் போவான். டிபன் பாக்ஸ் மாதிரி விஷயங்கள் தனியாக உட்கார்ந்து, அடுத்த வரி வராமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கும்போதுதான் மேலே வரும்.

அடுத்தது கத்தி. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வடசென்னையை ரவுடி ஊராகக் காட்டுகிறார்கள் என்று என் கடையில் நின்று சத்தம் போடுகிற தம்பியே, டைப்புக்குக் கொடுக்கும் ஸ்கிரிப்ட்டின் முதல் சீனில் ராத்திரி, மழை, பட்டாக்கத்தி. இரண்டாவது சீனில் கஞ்சா. மூன்றாவதில் ஜெயில் கேட் திறக்கிறது. அந்த மாதிரிப் படங்களால் நம் பையன்கள் எத்தனையோ பேருக்கு வேலை கிடைத்தது, நம் முகங்கள் திரையில் வந்தன, அதை நான் மறுக்கவில்லை. நிஜமாகவே கத்தி விழுந்த வீட்டுப் பிள்ளை அதை எழுதினால் அது வேறு, அவனைத் தடுக்க நான் யார்? பார்த்த சினிமாவையே திரும்ப எழுதி "இது எங்க ஏரியா கதை" என்று சொல்வதைத்தான் தாங்க முடியவில்லை.

உங்கள் கண்முன்னே இருப்பதைப் பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்காக அரசாங்கம் போட்ட தடை. திரைக்கதை வகுப்பில் காசு கட்டிக் கேட்டால் கதைக்கு ஒரு கெடு வேண்டும், நெருக்கடி ஏறிக்கொண்டே போக வேண்டும் என்பார்கள். காசிமேட்டில் அது காலண்டரிலேயே இருக்கிறது. தடைக்காலத்தில்தான் படகைக் கரையேற்றி மராமத்துப் பார்க்க வேண்டும், வலையைச் சரிசெய்ய வேண்டும். கல்யாணங்களும் அந்த மாதங்களில்தான் வந்து நிற்கும். ஜூன் பிறந்ததும் பள்ளிக்கூடம் திறந்துவிடும், பீஸ் கேட்பார்கள். தடை முடிந்து முதல் மீன் கரைக்கு வருவதற்குள் அத்தனை செலவும் வந்துவிடும். இதே காலத்தில் கரையோரம் தொழில் செய்கிற சின்ன ஃபைபர் படகுகளுக்குத் தடை கிடையாது. ஒரே வீட்டில் அண்ணன் விசைப்படகில் போகிறவன், தம்பி ஃபைபர் படகு வைத்திருக்கிறவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தம்பி தினமும் நாலு கூடை கவளை மீன் கொண்டுவருகிறான், அண்ணன் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான், அண்ணி கடனுக்கு நடக்கிறாள். ஏலம் விடுகிற அம்மாவுக்கு இரண்டு வீட்டுக் கணக்கும் தெரியும். கத்தியே தேவையில்லை. நான் சொன்னேனே என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். காசிமேட்டுப் பிள்ளை யாராவது எழுதினால்தான் அந்த ஏலத்தில் விலை எப்படி ஏறுகிறது, ஐஸ் தீர்ந்தால் என்ன ஆகிறது, யார் யாரைப் பார்த்துக் கண்ணடிக்கிறார்கள் என்பதெல்லாம் சரியாக வரும்.

பெரம்பூர், புளியந்தோப்பு, ஓட்டேரிப் பக்கம் பின்னி நெசவு மில்லில் வேலை பார்த்த தாத்தாக்கள் கொஞ்சம் பேர்தான் மிச்சம். அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான் 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. தொழிற்சங்கத் தலைவர்கள் வாடியாவும் திரு.வி.க.வும் வந்து பேசிய இடம் இது. 1921 வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டு, புளியந்தோப்பில் கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூடு வரைக்கும் போனது. யார் வேலைக்குத் திரும்பினார்கள், ஏன் திரும்பினார்கள் என்பதில் சாதி இருக்கிறது, அதைத் தொடத் துணிச்சல் வேண்டும். மில் 1996இல் மூடிவிட்டது. எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் பழைய புத்தகங்களைத் தேடலாம், இந்தியாவில் அச்சாகிற புத்தகங்களில் ஒரு பிரதி சட்டப்படி அங்கே போக வேண்டும். ஆனால் நூலகத்துக்குப் போவதற்கு முன்னால் அந்தத் தாத்தாவிடம் போய்விடுங்கள். நூலகம் காத்திருக்கும்.

எண்ணூர்க் கழிமுகத்தில் 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியபோது படகிலும் வலையிலும் அது எப்படி அப்பிக்கொண்டது என்பதை அங்கேயே இருக்கிறவர்கள் எழுத வேண்டும். துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கிற டிரைலர் லாரிகளின் டிரைவர், கிளீனர் பற்றியும் யாராவது எழுத மாட்டார்களா என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

பேச்சு வழக்கு விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். எல்லாப் பாத்திரத்தின் வாயிலும் "இன்னாபா", "கீது", "வலிச்சிகினு" என்று தூவிவிட்டால் வடசென்னை வந்துவிடாது. வண்ணாரப்பேட்டையில் வீட்டுக்குள் தெலுங்கு பேசிவிட்டு வாசலில் தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். மண்ணடியில் உருது கலக்கும். சௌகார்பேட்டை சேட்டுப் பிள்ளைகள் நம்மைவிட வேகமாக மெட்ராஸ் தமிழ் பேசும். பெரம்பூர் ஆங்கிலோ இந்தியப் பாட்டிகளின் தமிழ் ஒரு தனி ராகம். வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் இருக்கின்றன. ஐசிஎஃப் ரயில்பெட்டி ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் பேரனைத் திட்டுவதற்கும் மீன்கார அம்மா வாடிக்கையாளரைத் திட்டுவதற்கும் எவ்வளவு தூரம்! வசனத்தை எழுதியதும் பெயர்களை விரலால் மறைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். யார் பேசுகிறார்கள் என்று தெரியாவிட்டால் திருத்துங்கள்.

தங்கைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. என் கடைக்கு ஸ்கிரிப்ட் கொண்டுவரும் பெண்கள் குறைவு. கவிதையோ சிறுகதையோ நாலாக மடித்த தாளில் கொண்டுவருவார்கள். டைப் அடித்து பிரிண்ட் எடுத்ததும், "ஃபைலை டெலீட் பண்ணிடுங்கக்கா" என்று பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். காரணம் நான் கேட்பதில்லை, எனக்குத் தெரியாதா என்ன. ஆனால் அழிக்காதீர்கள் அம்மா. பாஸ்வேர்டு போட்டு உங்கள் மெயிலுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள், புனைபெயர் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்குச் சொல்ல வேண்டிய நாளில் சொல்லிக்கொள்ளலாம். கும்மிடிப்பூண்டி லைன் மின்சார ரயிலில் லேடீஸ் கம்பார்ட்மெண்டில் தினம் போய் வருகிற உங்களுக்குக் கிடைக்கிற வசனம் எந்த டைரக்டருக்கும் கிடைக்காது. எழுதாமல் விட்டால் அதை எங்கேயோ ஒரு ஏசி ரூமில் உட்கார்ந்து ஆண்களே ஊகித்து எழுதுவார்கள். எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள், பார்க்கிறோமே.

இனி என் தொழில் சம்பந்தமாகக் கொஞ்சம். யூனிகோடில் டைப் அடியுங்கள். பழைய ஃபாண்டில் அடித்த ஸ்கிரிப்ட் அடுத்தவர் கம்ப்யூட்டரில் திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரியும், படிக்கிறவர் மூடிவிட்டுப் போய்விடுவார். சீன் நம்பர், இடம், உள்ளேயா வெளியேயா, பகலா இரவா, இவை ஒவ்வொரு சீனின் தலையிலும் இருக்க வேண்டும். நம் ஊர் வழக்கப்படி தாளை இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் வசனம் என்று அடிக்கலாம், தப்பில்லை. ஆனால் ஒரு பக்கம் ஒரு நிமிஷம் என்ற கணக்கு ஆங்கில முறைப்படி அடித்த ஸ்கிரிப்ட்டுக்கு வந்தது, இரண்டு பத்தி முறைக்கு அது ஒத்துவராது. செல்போனில் ஸ்டாப் வாட்ச்சை ஓடவிட்டு, வசனத்தை வாய்விட்டுப் படித்து, நடந்து காட்டி நேரம் பாருங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எழுத்துப்பிழையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அதற்குத்தான் நான் இருக்கிறேன்.

ஒற்றை ரூம் வீட்டில் டிவி ஓடும்போது எப்படி எழுதுவது என்று கேட்பவர்களுக்கு: கொளத்தூர் அகரத்தில் 2024 நவம்பரில் முதல்வர் படைப்பகம் என்று ஒன்று திறந்திருக்கிறார்கள், உட்கார்ந்து படிக்க, வேலை பார்க்க. அதுவும் தூரம் என்றால் உங்கள் வார்டு கிளை நூலகத்தில் ஃபேன் ஓடும். முறையாகப் படிக்க ஆசைப்படுகிறவர்கள் தரமணியில் இருக்கிற அரசு எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனத்துக்கு விண்ணப்பம் போட்டுப் பாருங்கள், தனியார் கம்பெனிகள் கேட்கிற லட்சங்களுக்கு முன்னால் அங்கே பீஸ் ரொம்பக் குறைவு. கிடைக்கவில்லையா, பரவாயில்லை. வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள். வாடகை பாக்கியோடு எழுதுகிறவன், யார் எந்தப் பேப்பரை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுவிடுவான்.

பேப்பர் என்றதும் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். "அக்கா, என் கதையைச் சுட்டுட்டாங்க" என்று அழுதுகொண்டு வருகிறவர்களை நான் கேட்பது: "என்ன எழுதிக் கொடுத்தே?" பெரும்பாலும் பதில், "எழுதலக்கா, சொன்னேன்." 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் கருவைக் காப்பாற்றாது. அந்தக் கருவை நீங்கள் எப்படி எழுதினீர்களோ, அந்த எழுத்தைத்தான் காப்பாற்றும். ஒரு நாடகத்துக்கும் ஒரு சினிமாவுக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978லேயே இதைச் சொல்லிவிட்டது. ஆகவே டீக்கடையில் சொன்ன ஒன் லைனுக்குப் பதிப்புரிமை கிடையாது. எழுதிய நிமிஷமே உரிமை உங்களுடையது, பதிவு செய்வது கட்டாயம் கிடையாது. ஆனால் தகராறு வந்தால் தேதிக்குச் சாட்சி வேண்டுமே. டெல்லி பதிப்புரிமை அலுவலகத்துக்கு ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம், இலக்கியப் படைப்பு என்ற வகையில் ஒன்றுக்கு 500 ரூபாய். சென்னையில் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கம் இருக்கிறது, அங்கேயும் விசாரியுங்கள். யாருக்கு ஸ்கிரிப்ட் கொடுத்தாலும் மெயிலில் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் கொடுத்ததைச் சொல்லி அன்றைக்கே ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள்.

ஒப்பந்தம் என்று வந்தால் அது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை வருஷத்துக்கு என்று அதில் எழுதாவிட்டால் சட்டப்படி 5 வருஷம். எந்த ஊர் வரைக்கும் என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கிய உரிமையை ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது உங்களுக்கே திரும்பிவிடும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர. அந்த "தவிர"வுக்காகத்தான் பெரிய கம்பெனிகள் பத்துப் பக்கம் அடிக்கின்றன. ஒரு தம்பி கொண்டுவந்த ஒப்பந்தத்தில் "அண்டம் முழுவதும், என்றென்றைக்கும்" என்று இருந்தது. செவ்வாய் கிரகத்து ரீமேக்கையும் விட்டுவைக்கவில்லை. 2012 திருத்தத்துக்குப் பிறகு, படம் தியேட்டரில் ஓடுவதைத் தவிர மற்ற வழிகளில் உங்கள் எழுத்து பயன்பட்டால் ராயல்டியில் சமபங்கு உங்களுக்கு உண்டு, அதை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கினாலும் செல்லாது. நடைமுறையில் அந்தப் பணம் கைக்கு வருவது பெரிய பாடு. இருந்தாலும் இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கதையை விற்ற பிறகும் இது என் எழுத்து என்று உரிமை கொண்டாட அதே சட்டத்தின் 57ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. டைட்டில் கார்டில் பெயர் எப்படி வரும், எந்த இடத்தில் வரும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். "அதெல்லாம் பாத்துக்கலாம் தம்பி" என்று யாராவது தோளில் கை போட்டால், கையை மெதுவாக எடுத்துவிட்டு, "இப்பவே எழுதிடலாம் சார்" என்று சொல்லுங்கள். கையெழுத்துக்கு முன்னால் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். பாரிமுனை ஹைகோர்ட் நம் பக்கம்தானே இருக்கிறது, பஸ் பிடித்தால் போய்விடலாம்.

இரண்டாம் பாதியை முடித்துக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
தண்டையார்பேட்டை டிடிபி அக்கா